கேசரி இல்லாத சோதனை

எங்கள் விவேக் நகர் வீட்டு மாடியில் குடியிருந்த பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. மனிதர்கள் கணினியிடம் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. குப்பை வண்டி வராவிட்டால் புகார் செய்ய ஒரு செயலி தயாரித்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சோதித்தாள். எட்டுப் பேர் சோதித்தார்கள். எட்டுப் பேரும் சூப்பர் என்றார்கள். குறையே இல்லையென்றால் எதை எழுதுவாய், வெள்ளிக்கிழமைக்குள் குறைகளோடு வா, இல்லாவிட்டால் ஆய்வேட்டில் இந்த அத்தியாயமே வேண்டாம் என்று அவளுடைய ஆய்வு நெறியாளர் சொல்லிவிட்டார்.

அந்த எட்டுப் பேரில் நானும் ஒருவன்.

புதன்கிழமை காலை, என் சோதனை நடந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டு வந்தாள். அவள் குறிப்பில் விட்டுப்போயிருந்ததாம். நேரம் கேட்டால் எனக்குக் குஷி. நாட்குறிப்பை எடுத்துச் சத்தமாகவே வாசித்தேன்.

"செவ்வாய், காலை 10.50. மாடிப் பெண்ணின் செயலி. படம் எடுத்தபின் எதை அழுத்துவது என்று தெரியாமல் ஏழு நிமிடம் திண்டாட்டம். நல்லவேளை, அவள் சமையலறையில் இருந்தாள். புகார் போனதா என்று இன்னும் தெரியாது. மிக நன்று என்று சொன்னேன். கேசரி பிரமாதம்."

முடித்த பிறகுதான் எதை வாசித்தேன் என்று உறைத்தது.

"அங்கிள்! ஏன் அப்பவே சொல்லல?"

"கேசரியைக் கையில கொடுத்துட்டுக் கேட்டா வேற என்னம்மா சொல்றது?"

மறுநாள் ஒன்பதாவது ஆளாக, பக்கத்துப் பேட்டையான நீலசந்திராவிலிருந்து ஓர் அம்மா வந்தார். அலுவலகம் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கடிகாரம் பார்க்கும் பொறுப்பு எனக்கு. கேசரி கிடையாது. மாணவி ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினாள்: பாதியில் எழுந்து போகலாம், சொன்னதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பிறகு எங்கோ பார்த்தபடி, "இது நான் பண்ணதில்லக்கா. எங்க டிபார்ட்மென்ட்ல வேற ஒருத்தர்" என்றாள்.

அவ்வளவுதான்.

"யாரு அந்த மகராசன்? குப்பையே பாத்ததில்ல போல. வண்டி வரலைன்னு சொல்றதுக்கு என் பொறந்த நாளு எதுக்கு அவனுக்கு? எழுத்து எறும்பு மாதிரி இருக்குது. அனுப்பிட்டேன், போச்சா போகலையான்னு சொல்ல வாய் வலிக்குதா?"

இருபத்திரண்டு நிமிடத்தில் பதினொரு குறைகள். மாணவி முகம் சிவக்க எழுதிக்கொண்டாள். முடிந்ததும் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் ஆராய்ச்சி விதி. சொன்னாள்.

அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, உன்னுதா கண்ணு? அப்ப நல்லாத்தான் இருக்குது. நான் சொன்னதெல்லாம் அடிச்சிடு."

"வேணாம்க்கா! அது இல்லேன்னா நாளைக்கு நான் காலி."

"திரும்ப வாங்கிக்கலாம்னு நீதானே படிச்ச?"

மாணவி என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தன் செயலி மோசம்தான் என்று ஒருத்தி ஒன்பது நிமிடம் மன்றாடியதை அன்றுதான் கண்டேன். கடைசியில் அந்த அம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "சரி, இருக்கட்டும். ஆனா செஞ்ச பொண்ணு தங்கமான பொண்ணுன்னு கீழ ஒரு வரி எழுதிக்கோ."

எழுதினாள்.

வெள்ளிக்கிழமை அத்தியாயம் பிழைத்தது. பதினொரு குறைகளையும் ஏற்றுக்கொண்ட நெறியாளர், பன்னிரண்டாவது வரியை மட்டும் அடித்துவிட்டாராம். மாலை 5.40க்குக் கேசரிக் கிண்ணத்தோடு மாணவி இறங்கி வந்து, நான் ஒரு வாய் போட்டதும் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றேன்.