தறி நிற்கும் நாள்

எங்கள் தெரு வீராசாமி மாமா நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்தது நகல் எடுக்க அல்ல. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தார். சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கல்விக் கண்காட்சி, நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை என்று போட்டிருந்தது.

“நீ இதுக்கெல்லாம் போயிருக்கிற இல்லம்மா? போனா பிரயோஜனம் இருக்குதா?”

போயிருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன், பிளஸ் டூ முடித்ததும். அங்கே கொடுத்த துணிப்பையில்தான் அம்மா இன்னும் காய்கறி வாங்குகிறாள். உதவித்தொகை கிடைக்கவில்லை. அப்பா கடன் வாங்கி உள்ளூரிலேயே பி.காம். படிக்க வைத்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கி ஒரு வருடமாக இந்தக் கடையில் பேப்பர் அடுக்குகிறேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் படிப்பைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் வருவார்கள். கேட்டுவிட்டு, நான் சொல்வதைக் கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மாமா எட்டாவதோடு தறியில் உட்கார்ந்தவர். வெளியூர் என்றால் அவருக்குத் திருத்தணிதான். அதிர்ந்து பேசமாட்டார். ஒரு செருப்பு வாங்குவதென்றாலும் நாலு பேரிடம் கேட்பார்; கேட்டுவிட்டுப் பழைய செருப்பையே தைத்துப் போட்டுக்கொள்வார். மகள் அபிநயா பிளஸ் டூவில் ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து எண்பத்து மூன்று மார்க் வாங்கிய அன்று மட்டும், யாரையும் கேட்காமல் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்பது அபிநயாவின் ஆசை. அதற்கு வழி அந்தச் சீட்டில்தான் இருக்கிறது என்று அப்பாவும் மகளும் நம்பினார்கள்.

ஆனால் தறி இருக்கிறது. அவர் நெய்வது கோர்வைச் சேலை; உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்ப்பது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நடுவில் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கு ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். அவர் மனைவி ரேணுகாம்பாள் அத்தைக்குத் தோள் வலி வந்த பிறகு அந்த இடத்தில் உட்காருவது அபிநயா. அவள் எழுந்து போனால் தறி நின்றுவிடும். அந்த வாரம் தறியில் இருந்தது ஒரு முகூர்த்தச் சேலை. தள்ளிப்போனால் அடுத்த சேலைக்கான பாவு நூல் வேறு வீட்டுக்குப் போய்விடும் என்று பாவு கொடுக்கும் முதலாளி சொல்லியிருந்தார்.

அதனால் மாமா எல்லோரையும் கேட்டார். டீக்கடையில் முனிசாமி, “கண்காட்சியா? அங்க ஜெயன்ட் வீல் இருக்குதாப்பா? டெல்லி அப்பளம் கிடைச்சா எனக்கு ஒண்ணு வாங்கிக்கினு வா,” என்றாராம். அவர்கள் வீட்டுக்கு நான் போனபோது அத்தை என்னை வைத்துக்கொண்டே பேசினாள். “இவளும் போனா. படிச்சா. என்னாச்சி? கோச்சிக்காதம்மா, உன்னைச் சொல்லல.” என்னைத்தான் சொன்னாள். அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அபிநயா தலையைத் தூக்காமல் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள்.

வழி கண்டுபிடித்தவர் மாமாதான். காலண்டரைப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. அன்றைக்கு எங்கள் பக்கம் தறியில் யாரும் உட்காரமாட்டார்கள். ஆஸ்பத்திரி, துக்கம் விசாரிப்பது, சம்பந்தம் பேசுவது எல்லாம் அன்றுதான். சனிக்கிழமை வழக்கம்போல நெய்வது, ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்குப் போவது. பிரயோஜனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நஷ்டம் இல்லை. அத்தையே ஒத்துக்கொண்டாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. போகலாமா என்ற கேள்விக்கு இனி நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. துணைக்கு மட்டும் வருகிறேன் என்றேன்.

மண்டபம் கலகலவென்று இருந்தது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கல்லூரி, வழவழப்பான காகிதத்தில் நீச்சல்குளம். உதவித்தொகை என்று எழுதியிருந்த மேஜை மூலையில் இருந்தது. டை கட்டிய ஒரு பையன் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான். அபிநயாவின் மார்க்கைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

“சூப்பர் மார்க் சார். ஆனா டெஸ்ட், செலக்‌ஷன் எல்லாம் நேத்தே முடிஞ்சிடுச்சு. இந்த மார்க்குக்கு ஃபுல் ஃபீஸும் விட்டுருப்பாங்க. நேத்து வந்திருக்கலாமே.”

மாமா சிரிக்கப் பார்த்தார். “நேத்து தறி ஓடினு இருந்துது தம்பி. இன்னிக்கிதான் அமாவாசை...”

பையன் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டான். “எங்க வீட்லயும் நல்ல நாள் பாப்பாங்க சார். படிப்பு விஷயத்துல போய் அமாவாசை பாக்கலாமா?”

பின்னால் நின்ற ஒரு குடும்பம் சிரித்தது. நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். மாமா வேண்டாம் என்று கையைக் காட்டினார். மூன்று பேருக்கும் ஒவ்வொரு துணிப்பை கொடுத்து அனுப்பினார்கள்.

பஸ்ஸில் மாமா ஒரே கேள்வியைத்தான் கேட்டார். “நேத்து வந்திருந்தா கிடைச்சிருக்குமாம்மா?”

தாமதமாக வருகிறவர்களிடமெல்லாம் நேற்று வந்திருந்தால் கிடைத்திருக்கும் என்றுதான் சொல்வார்கள், அது பொய் என்று சொல்லலாம். அப்படியானால் அந்த மண்டபத்தில் என்றைக்குமே ஒன்றும் இருந்ததில்லை. உண்மையாகவே இருந்தது என்றால், மகளின் படிப்பை ஒரு நாள் நெசவுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டில் எதை அவரால் தாங்க முடியும்? தெரியவில்லை மாமா என்றேன். நான் படித்த படிப்பில் வந்த பதில் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை கடைக்குப் போகும்போது அவர்கள் வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை. அபிநயா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“அக்கா, அந்தப் பையன் சொன்னது பொய்யின்னு அப்பாகிட்ட சொல்லிடுக்கா. ராத்திரியெல்லாம் உக்காந்துக்கினே இருந்தாரு.”

“பொய்யா இருந்தா உனக்குப் பரவாயில்லையா?”

“பொய்யாவே இருக்கட்டும்.”

உள்ளே மாமா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, நாடாவைக் கையில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். அபிநயா போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அந்த மாதிரி இடங்களில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் மாமா, நம்பாதீங்க என்றேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. நாடாவைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

“நீ அப்ப போனியே, மொத நாளா, ரெண்டாவது நாளா?”

“மொத நாள்தான் மாமா. கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னோம்.”

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். கடைக்காரர் கொடுத்த நீலக் கோட்டு, விரலில் மை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இறுகியிருந்த அவர் முகம் மெல்லத் தளர்ந்தது.

“மொத நாளே போயும்...” என்றார். முடிக்காமல் மகள் பக்கம் திரும்பி, “தள்ளும்மா,” என்றார்.

அபிநயா நாடாவைத் தள்ளினாள். நான் கடையைத் திறக்கப் போனேன்.