மர்லியா போட்ட முதல் பில்

பதுளை பஸ் நிலையத்துக்கு மேலே இருக்கிற செல்வரத்தினம் முதலாளியின் ஹாட்வெயார் கடையில் எனக்குப் பெயின்ட் பகுதி, மர்லியாவுக்கு ஆணிப் பகுதி. உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்துவிட்டு தொண்ணூற்று மூன்றில் வேலைக்கு வந்தவள். வந்த வாரமே என்னோடு சண்டை. அவளுடைய தராசின் மேல் நான் பெயின்ட் டின் வைத்துவிட்டேனாம். ஆள் குள்ளம், கோபம் மட்டும் ஆளைவிட உயரம். ஆனால் கணக்கில் ஒரு தவறு விடமாட்டாள், அடுத்தவர் விட்டாலும் விடமாட்டாள்.

அவளுடைய கணவன் பலீல் வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். வாய் திறக்காத நல்ல மனிதன். இவள் பேசுவதே இருவருக்கும் போதும் என்று விட்டுவிட்டான் போல. வீட்டில் குறையொன்றும் இல்லை. கடையில் மட்டும் ஒரு குறை இருந்தது. நாள் முழுக்க நின்றபடி ஆணி நிறுப்பதற்கா படித்தேன் என்று என்னிடம் அடிக்கடி கேட்பாள்.

இரண்டாயிரத்து நான்கில் முதலாளி பழைய கம்பியூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். அதில் அவருக்குத் தெரிந்தவை இரண்டு: சீட்டு விளையாட்டு, மூலையில் தெரிகிற மணியைத் திருத்துவது. மர்லியா சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போய் மற்றதையெல்லாம் படித்து வந்தாள். கடைக்கு ஏற்ற மென்பொருளைக் கொழும்பில் கேட்டால் விலையைச் சொல்லி மயக்கம் போட வைத்தார்கள். அப்போதுதான் அவளுடைய தங்கை றின்ஸா கண்டியிலிருந்து ஒரு சீடி கொண்டுவந்து கொடுத்தாள். கொள்வனவு, விற்பனை, கையிருப்பு, கணக்கு எல்லாம் பார்க்கிற மென்பொருள். யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம், காசு இல்லை.

முதலாளிக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பிடிக்கவில்லை. "சும்மா தாறவன் ஏன் தாறான், பிள்ளை?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தார். இலவசம் என்றாலே இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார்.

அது சமைத்த சோறாக வரவில்லை. அரிசியும் பருப்பும் தனித்தனியாக வருவது போல, மென்பொருளை எழுதிய வரிகள் மட்டும் வந்தன. அந்த மூல வரிகளை நம் கம்பியூட்டரிலேயே சமைத்து எடுக்க வேண்டும், அதற்குக் கம்பைல் பண்ணுவது என்று பெயர். தொடங்கினால் அது இல்லை, இது இல்லை என்று திரையில் வரும். மர்லியா தபால் கந்தோர் பக்கத்து இன்டர்நெட் கடைக்குப் போய் இல்லாததை இறக்கி வந்து கொடுப்பாள். வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்கும், மாப்பிள்ளை வீட்டார் தோற்றார்கள். எல்லாம் கிடைத்த பிறகும் சமைந்து முடிய நேரமாகும். ஓட விட்டுவிட்டு மதியத்து ளுஹர் தொழப் போவாள், திரும்பி வரும்போது முடிந்திருக்கும். சில நாள் கரண்ட் போயிருக்கும். அந்த நாட்களில் நான் அவள் பக்கமே போகமாட்டேன்.

பிறகு நம் கடைக்கு ஏற்றபடி அதை வளைக்க வேண்டியிருந்தது. எந்த நாட்டுக்காரன் எழுதினானோ, ஒரு சாமானுக்கு ஒரே அளவுதான் என்று நினைத்திருக்கிறான். எங்களிடம் கயிறு தோட்டத்துக்குக் கிலோவில் போகும், வீட்டுக்காரருக்கு நீளம் அளந்து யாரில் போகும். குழாய் முழுசாகவும் போகும், அறுத்தும் போகும். மர்லியா மூல வரிகளுக்குள்ளேயே கை வைத்து ஒவ்வொன்றாக மாற்றினாள். ஒன்றரை வருஷம் போனது. அந்தக் காலத்தில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவளுடைய கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறு, சித்திரை வருஷப் பிறப்பு. விடுமுறை முடிந்து கடை திறக்கும் நாளில் புதுக்கணக்குத் தொடங்க முதலாளி சுபநேரம் எடுத்திருந்தார். காலை ஆறே முக்காலுக்கு முடிந்துவிடும். அந்த நேரத்தில் எதைக் கொண்டு தொடங்குகிறோமோ அதைக் கொண்டுதான் வருஷம் முழுக்க வியாபாரம். இது அவருடைய தகப்பனார் காலத்து வழக்கம், இம்மியும் மாறாது. முதல் பில் கம்பியூட்டரில் வந்தால் கடைக் கணக்கு முழுவதும் மர்லியாவின் பொறுப்பு. வராவிட்டால் கையால் எழுதுகிற பில் புத்தகம்தான், கம்பியூட்டர் மேல்மாடிக்கு, மர்லியா ஆணிக்கு. ஆணிக்குத் திரும்பிப் போகமாட்டேன், வீட்டில் இருந்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அன்று விடியவே வந்து, கடைசியாக ஒரு தரம் கம்பைல் பண்ணி முடித்துவிட்டு, பின்பக்கம் தேத்தண்ணீர் குடிக்கப் போனாள். முதலாளி பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றினார். சற்று நேரத்தில் நர்ஸ் குணமணி அம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் பாதி ஊரைப் பிரசவம் பார்த்த கை என்பதால் முதல் வியாபாரம் எப்போதும் அவருடைய கைராசிதான். கிணற்றுக்குக் கயிறு வேண்டும் என்றார், பன்னிரண்டு யார்.

திரும்பி வந்த மர்லியா எதற்கும் என்று திரையில் மட்டும் ஒரு பரீட்சை பில் எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு யார் கயிற்றுக்குப் பன்னிரண்டு கிலோவின் விலை வந்தது. கயிற்றுக்கான மூல வரிகளில் ஒன்று பிழையாக இருந்தது. அவள் பதறவில்லை. வரியைத் திருத்தி, மறுபடி கம்பைல் பண்ணச் சொன்னாள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. பில் எடுத்தால் அதே கிலோ விலை. மறுபடி திருத்தினாள். மறுபடி அதே பதில். கண்ணுக்கு முன்னால் மாற்றிய வரியைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு மெஷின் அடம்பிடித்ததை அன்றுதான் கண்டேன். அவளுடைய காது சிவந்துவிட்டது.

முதலாளி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பில் புத்தகத்தை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். மனுஷன் கெட்டவர் இல்லை, ஆனாலும் அந்த மூடியைப் பிடுங்கி எறியலாம் போல எனக்கு இருந்தது. குணமணி அம்மா மட்டும், "நான் இருக்கேன், பதறாம பாருங்க புள்ள" என்றார்.

மர்லியாவின் கை நின்றது. திரையின் மூலையையே பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"முதலாளி, இந்த கம்பியூட்டர்ட மணிய யாரு மாத்தின?"

"நான்தான் திருப்பினனான், பிள்ளை. நாடு முழுக்கத் திருப்பினதெல்லே? உது மட்டும் பழைய நேரத்திலை நிண்டது."

அந்த வருஷப் பிறப்போடு அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணி பின்னுக்குக் கொண்டுபோயிருந்தது. எல்லோரும் வீட்டு மணிக்கூட்டையும் கைக்கடிகாரத்தையும் திருப்பினோம். விடுமுறையில் அணைந்து கிடந்த கம்பியூட்டரை யாரும் நினைக்கவில்லை. முதலாளி நினைத்திருக்கிறார். முதல் பில்லில் சுபநேரம் சரியாக விழ வேண்டுமே என்று, மர்லியா தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், தனக்குத் தெரிந்த இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டார்.

கம்பைல் பண்ணும்போது மெஷின் நேரத்தைத்தான் பார்க்குமாம். வரிகளைத் தொட்ட நேரம் கடைசியாகச் சமைத்த நேரத்துக்குப் பிந்தியிருந்தால் மட்டும் மறுபடி சமைக்கும். அவள் விடியவே சமைத்தது பழைய நேரத்தில், சமைத்து அரை மணிகூட ஆகியிருக்கவில்லை. திருத்தியது அரை மணி பின்னுக்குப் போன புது நேரத்தில். ஆகவே திருத்தம் எல்லாம் சமையலுக்கு முந்தியது என்று மெஷின் நினைத்துவிட்டது. இதை அவள் பிற்பாடுதான் எனக்கு விளக்கினாள், அதுவும் இரண்டு தரம்.

அப்போது விளக்க நேரமில்லை. மணியை அரை மணி முன்னுக்குத் தள்ளினாள். வரியை மறுபடி சேமித்தாள். மாறியது ஒரு வரிதான் என்பதால் கம்பைல் சட்டென்று ஓடி முடிந்தது. பிரின்டர் கீச்சிட்டுக்கொண்டு முதல் பில்லைத் தள்ளியது. பன்னிரண்டு யார் கயிறு, யார் விலை, கூட்டுத்தொகை எல்லாம் சரி. மேலே நேரம் மட்டும் ஏழு பத்து என்று விழுந்திருந்தது. சுபநேரம் எப்போதோ முடிந்துவிட்டதாகப் பில் சொன்னது. சுவரில் ஆறு நாற்பதுதான்.

முதலாளி பில்லை வாங்கினார். அவருடைய கண் நேரத்தில் போய் நின்றதை நான் பார்த்தேன். மர்லியாவும் பார்த்தாள். நேரத்தைச் சரியாக்கி இன்னொன்று எடுத்துத் தரலாம், ஆனால் அது இரண்டாவது பில் ஆகிவிடும் என்று தாழ்ந்த குரலில் உள்ளதைச் சொன்னாள். பொய் சொல்லி மாற்றிக் கொடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. அந்த நேரத்தில் அவளை நினைத்து எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது.

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கயிற்றின் வரியை விரலால் தொட்டு மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார்.

"நேரம் சுவரிலை கிடக்கு, பிள்ளை. கயிறு சரியோ?"

"சரி, முதலாளி."

"அப்ப முதல் பில் இதுதான்."

பில்லைக் குணமணி அம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். பேனாவை மூடினார். பில் புத்தகத்தை என்னிடம் நீட்டி, மேல்மாடியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

நான் இறங்கி வந்தபோது கைவிசேடம் கொடுக்க வெற்றிலையில் புதுவருஷக் காசை வைத்துக்கொண்டு நின்றார். கடையில் மூத்த ஆளுக்குத்தான் முதலில் கொடுப்பார், பதினைந்து வருஷமாக அது நான். பழக்கதோஷத்தில் கையை நீட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "மர்லியா, முதலிலை நீர் வாரும்" என்றார். சத்தியமாக எனக்கு ஒரு நிமிஷம் கடுப்புத்தான். வெற்றிலையை வாங்கியவள், கணக்கு மேசைக்குப் போய் உட்கார்ந்து, முக்காட்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். என் கடுப்பு போன இடம் தெரியவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. நீட்டிய கையை நான் இன்னும் மடக்கவில்லை என்பதை அவள்தான் முதலில் கவனித்தாள்.

"அண்ணனுக்கும் குடுங்க முதலாளி," என்றாள், அழுதுகொண்டே சிரித்து. "பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறார்."