அக்கா மீன் வெட்டும் இடத்தில் என் புத்தாண்டு ஆப்

இன்று காலை காசிமேடு மீன் மார்க்கெட்டில் நான் அடி வாங்கவில்லை. (மற்றதெல்லாம் வாங்கினேன்.)

நான் ஐபோன் ஆப் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். சொந்தமாக ஒரு ஆப் வெளியிட வேண்டும் என்று மூன்று வருஷமாக ஜனவரி ஒன்றாம் தேதி டைரியில் எழுதுகிறேன். பொங்கலுக்குள் அந்த டைரியே காணாமல் போய்விடும்!

சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை. பாதி எழுதுவதற்குள் புது iOS வந்துவிடுகிறது. போன வருஷம் ராத்திரி பகலாகக் கற்றுக்கொண்டதை, இனி இப்படி எழுதாதே என்கிறது. நானும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். என்ன பிழைப்பு சாமி இது!

இந்த வருஷம் இரண்டு சபதம். பொங்கலுக்குள் ஆப் ரெடியாக வேண்டும். எப்போதும் அப்டேட்டாக இருக்க வேண்டும்.

(இரண்டாவதுதான் வினை.)

ஆப் என் அக்கா வசந்திக்கு. அவள் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். ஜனங்கள் மீன் வாங்கி, பையோடு அவளிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவள் பைகளை வந்த வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் முடிச்சு போடுவாள். ஒரு முடிச்சு என்றால் குழம்பு. இரண்டு என்றால் வறுவல். மூன்று என்றால் மீன் தலையைத் தூக்கிப் போடக் கூடாது.

"இத்தினி வருஷமா ஒரு பை மாறல. உன் போனு எதுக்குடா?" என்றாள்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழமக்கா! முடிச்சு போடாத, எல்லாத்தையும் போனு பாத்துக்கும்."

தம்பி பாசம். ஒத்துக்கொண்டாள், பாவம்.

முதல் பையிலேயே ஆரம்பித்தது.

"இன்னாடா, தேச்சிகினே கீறேன், நகர மாட்டேங்குது?"

கை முழுக்க ஈரம், செதில். ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதிய எனக்கு இது தோன்றவே இல்லை! அவள் குனிந்து மூக்கால் அழுத்தினாள். வேலை செய்தது. (சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.)

மானம் போகிறதே என்று போனை நானே வாங்கி, ஆர்டரை எழுதிக்கொண்டு, பைகளை மொத்தமாக ஒரு டப்பில் போட்டேன். பதினாலு பை ஆனதும் ஆப் தானாக மூடிக்கொண்டது. திறந்தால் மறுபடி மூடிக்கொண்டது. அப்டேட்டாக இருக்கிறேன் பேர்வழி என்று, இன்னும் சோதனையில் இருக்கும் புது iOS-ஐ நேற்றுதான் அந்த போனில் ஏற்றியிருந்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

ஆறு தடவை "ஒரு நிமிஷம்க்கா" சொன்னேன். கூட்டம் கத்த ஆரம்பித்ததும் அக்கா குத்துமதிப்பாக வெட்டத் தொடங்கினாள்.

அப்போது பார்த்து, காலையில் கொடுத்த கொடுவா மீன் பையை வாங்க நூருக்கா வந்தார். டோல்கேட் பக்கம் மெஸ் வைத்திருக்கிறார். அக்காவின் ஞாயிற்றுக்கிழமை வேலையில் பாதி அவருடையதுதான்.

"இன்னாம்மா வசந்தி, என் கொடுவா தலைங்க எங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். தலைகளைப் பூனைகள் பார்த்துக்கொண்டிருந்தன, கழிவுக் கூடைக்குள்.

"இன்னிக்கு தலைக் கொழம்புன்னு போர்டு போட்டுட்டேன். சாப்புட வர்றவங்களுக்கு இன்னாத்த ஊத்துவேன்? அடுத்த வாரத்துலேர்ந்து பக்கத்துல வெட்டுறவங்ககிட்ட குடுத்துக்கிறேன்மா."

கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அக்காவின் முகம் செத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்க மாட்டேன்.

ஓடினேன். மார்க்கெட் முழுக்கக் கெஞ்சி ஏழு கொடுவா தலை சேர்த்து, பைக்கில் போய் மெஸ் வாசலில் நின்றேன்.

நூருக்கா பையைப் பிரித்துப் பார்த்தார். "ஏன் நைனா, உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

தலையைத் தொங்கப் போட்டேன்.

"வசந்தி கைல சொல்லு, அடுத்த வாரமும் அவகிட்டதான் வருவேன். ஆனா பைல முடிச்சு போட்டாதான்!"

திரும்பி வந்து சொன்னேன். அக்கா ஒரு பையை என் பக்கம் தள்ளினாள். மதியம் வரை முடிச்சு போட்டேன். ஒரு பையும் மாறவில்லை!

கிளம்பும்போது போன் 'டிங்' என்றது.

"இன்னா கேக்குது அது?"

"புது அப்டேட் வந்துகீதாம்க்கா. போடட்டுமான்னு கேக்குது."

அக்கா நிமிர்ந்தாள். "எங்க, கொண்டா அத்த. இந்தப் பலகை மேல வையி." கத்தி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.