பின்னிருக்கைக்கு ஒரு சாய்மானம்

என் மனைவியின் ஸ்கூட்டரை நானே ஓட்டத் தொடங்கியபோது எனக்கு அறுபத்தேழு வயது. அதுவரை அந்த வண்டியில் எனக்குரிய இடம் பின்னிருக்கைதான். திருமணமான புதிதில், ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் குடியிருந்த காலத்தில், இரவல் மோட்டார் சைக்கிளில் அவளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு புறப்பட்ட நான், மண்பாதையின் முதல் வளைவிலேயே கால்வாய்க்குள் இறங்கினேன். இருவருக்கும் அடி படவில்லை. அவளுடைய புதுச்சேலை மட்டும் சேற்றின் நிறத்தை ஏற்றது. கரையேறி நின்று முந்தானையைப் பிழிந்தபடி அவள் சொன்னாள்: "இனிமே நான் ஓட்டுறேன். நீங்க பின்னால ஒக்காருங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றே எண்ணினேன். அடுத்த ஆண்டே அவள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். என்னிடமும் ஒன்று இருந்தது. அதைத் தவறாமல் புதுப்பித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பின்னால் அமர்ந்து சென்றேன். சந்தைக்கும் கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் எங்கள் பயணம் அவ்வாறே நடந்தது. "டிரைவரம்மா வந்துட்டாங்க, பார்சல் எறங்கியாச்சா?" என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் எல்லார் முன்னிலையிலும் கேட்பார். பார்சல் நான்தான். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி, மகள் வீடிருந்த ஜொகூருக்கு என் மனைவி புறப்பட்டாள். மருமகன் நாள்தோறும் எல்லை கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். மகளும் வேலைக்குப் போகிறவள். மூன்று மாதம் ஆறாயிற்று. பின்னர் ஒன்றரை ஆண்டாயிற்று. ஸ்கூட்டர் முன்வாசல் தகரக் கூரையின்கீழ் நின்றது. நான் வீட்டுக்குள் இருந்தேன். பேச்சுக்குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே தொலைக்காட்சியைப் போட்டு வைத்து, அது என்ன சொல்கிறது என்று அறியாமலே நாள்களைக் கழித்தேன். ஒரு மாலை தொலைபேசியில் அவளிடம் நேராகவே கேட்டேன்.

"எப்பதான் வரப்போற?"

"வந்து என்னா செய்யறது? முட்டிய மடக்க முடியல. மோட்டர ஸ்டாண்டு போடக்கூட காலு எழும்பல. அங்க வந்தா கிளினிக்குக்கு, கடைக்கு யாரு என்னைய கூட்டிட்டுப் போவா? இங்கன்னா லிப்டுல எறங்குனா எல்லாம் கீழயே இருக்குலா."

"நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் சிரித்தாள். "அந்தக் கால்வா இன்னும் அங்கயேதான் இருக்கு, தெரியும்ல?"

எனினும், தீபாவளிக்கு முன்பு வந்து பார்ப்பதாகச் சொன்னாள். வருகிறவளைக் கோலசிலாங்கூர் பேருந்து நிலையத்திலிருந்து நானே வண்டியில் அழைத்து வர வேண்டும். வழியில் அது நிற்கக்கூடாது. அவள் முழங்காலுக்கு நோவு தரக்கூடாது. அப்படி ஒருமுறை அழைத்து வந்துவிட்டால் அவள் இங்கேயே தங்கிவிடுவாள் என்று நம்பினேன்.

வண்டியோ முதலில் உயிர்பெறவே மறுத்தது. பேட்டரி செத்திருந்தது, மாற்றினேன். பிறகு இருமி இருமி நின்றது. பட்டறைக்காரர் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தார். பெட்ரோலோடு மழைநீரும் வந்தது. தகரக் கூரையின் ஒழுக்கு, இருக்கையின் கிழிசல் வழியாக இறங்கி, அதன் அடியிலிருந்த தொட்டி மூடியின் இடுக்கில் புகுந்திருந்தது. "மூடியப் பாத்துக்குங்க அங்கிள், தண்ணி போவக்கூடாது" என்றார் அவர். எனக்கு அது வேதவாக்காயிற்று. வீட்டுக்கு வந்து, பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வட்டமாக வெட்டி, மூடியின் உட்புறம் முழுவதையும் மறைக்கும்படி பசை தடவி ஒட்டினேன். குவளை நிறைய நீர் எடுத்து மேலே ஊற்றிப் பார்த்தேன். ஒரு துளியும் இறங்கவில்லை. என் வாழ்நாளில் ஓர் இயந்திரத்தில் நான் செய்த முதல் வேலை அது. அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

அதன் பிறகுதான் புது நோய் தொடங்கியது. வீட்டிலிருந்து நன்றாகப் புறப்படும் வண்டி, தோட்டத்து முச்சந்தியில் உள்ள முனியாண்டி கோயிலை நெருங்கும்போது தளர்ந்து, விக்கி, நின்றுவிடும். எண்ணெய் தீர்ந்ததோ என்று இருக்கையைத் தூக்கி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்கும். உள்ளே எண்ணெய் இருக்கும். மூடிவிட்டு, எதிரே இருந்த பாயின் தேநீர்க் கடையில் சற்று அமர்ந்து வந்தால் வண்டி ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். ஆகவே, சூடுதான் காரணம் என்று தீர்மானித்தேன். கைப்பேசியில் இந்தோனேசிய இளைஞர்கள் செய்துகாட்டும் காணொளிகளைப் பார்த்து ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன். காற்று வடிகட்டியைக் கழுவினேன். பட்டறைக்காரர் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார். வண்டி மறுநாளும் முனியாண்டி எல்லையில் நின்றது.

"வாங்கண்ணே, நேரத்துக்கு வந்துட்டீங்க" என்பார் பாய், கோப்பையைக் கழுவிக்கொண்டே. அவருடைய தந்தை தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரொன்றிலிருந்து வந்து தொடங்கிய கடை அது. "ஒங்க மோட்டருக்கு எங்கடைத் தேத்தண்ணி பிடிச்சுப் போச்சு. நீங்கதான் ஒத்துக்க மாட்டேங்குறீங்க."

"சூடு ஏறிடுது பாய்."

"சூடாம்! எதுக்கும் ஒங்க முனியாண்டிய ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க. அவரு வீட்டு வாசல்லதான நிக்குது. எனக்கென்னா, நான் வேற கட்சி. ஆனா, பக்கத்து வீட்டுக்காரரு கோபம் எனக்குத் தெரியும்ல."

மறுநாள் எலுமிச்சம்பழங்கள் வாங்கிச் சென்று, கோயிலில் கற்பூரம் ஏற்றி, பழங்களைச் சக்கரத்தின்கீழ் வைத்து நசுக்கியே புறப்பட்டேன். வண்டி அன்று கோயிலைக் கடந்து பாயின் கடை வாசலில் நின்றது. "பாத்தீங்களா, கொஞ்சம் எரங்கியிருக்காரு" என்றார் அவர்.

இன்னொன்றையும் கவனித்தேன். நெடுந்தூரம் போகலாம் என்று எண்ணெயை நிறைய ஊற்றிய நாள்களில் வண்டி விரைவிலேயே நின்றது. குறைவாக ஊற்றிய நாள்களில் சற்றுத் தொலைவு கூடுதலாகச் சென்றது. அதைப் பாயிடம் சொன்னேன்.

"இது மனுசப் புத்திண்ணே" என்றார். "வயிறு ரொம்புனா படுத்துருது."

பழுது தீராத அந்த வாரங்களில், மாற்றங்கள் செய்யும் வேலையையாவது முடித்துவிடுவோம் என்று தொடங்கினேன். பின்னிருக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு வேறு எவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சி இடுப்பின் எந்த எலும்பில் ஏறும், புகைக்குழாய் கெண்டைக்காலை எங்கே சுடும், மேட்டில் ஏறும்போது உடல் எவ்வளவு பின்னால் சரியும் என்பனவெல்லாம் எனக்குப் பாடம். யாரோ குப்பைக்கருகில் போட்டிருந்த அலுவலக நாற்காலியின் முதுகுப்பகுதியைக் கொண்டுவந்து, பின்புறக் கம்பித் தாங்கியில் போல்ட்டுகளால் முடுக்கினேன். முழங்காலை அதிகம் மடக்க வேண்டாதபடி கால் வைக்கும் இடத்தைத் தாழ்த்தி, இருபுறமும் இரும்புப் பட்டையில் பலகை பொருத்தினேன். இருவர் ஏறினால் காற்று கூடுதலாக வேண்டும் என்று பட்டறைக்காரர் கூறியதால் பின்சக்கரத்தைக் கல்லைப்போல் இறுக்கி வைத்தேன்.

அளவு பார்க்க, ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தேன். சாய்மானம் முதுகில் சரியாகப் பொருந்தியது. ஆனால், எனக்கு முன்னால் முதுகு இல்லை. அவளுடைய கொண்டையும், கழுத்தோரம் வியர்வை படர்ந்த இரவிக்கையும், தோளுக்கு மேலாகத் தெரியும் சாலையும்தாம் என் கண்கள் இத்தனை காலம் கண்டிருந்தவை. அவள் முகத்தைவிட முதுகையே அதிக நேரம் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புலப்பட்டது. ஆளில்லாத கைப்பிடியைப் பார்த்தபடி சற்று நேரம் அங்கேயே அமர்ந்திருந்தேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா துணி காயப்போட வந்து, என்னைப் பார்த்து, காயப்போடாமலே உள்ளே போனார்.

அவள் வரவிருந்த வாரத்திற்கு முந்தைய வாரம் அது. வண்டி நின்றுகொண்டேதான் இருந்தது. காலையில் தேநீர் கலக்கும்போது அவள் அழைத்தாள். கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு, புதிய பால் டின்னின் மூடியில் கத்தி முனையால் துளையிட்டுக் கவிழ்த்தேன். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. குலுக்கினேன்; டின்னின் அடியைத் தட்டினேன்.

"என்னா தட்டுறீங்க?"

"இந்தப் பால் வர மாட்டேங்குது. கெட்டியாயிருச்சு போல."

"எத்தன ஓட்ட போட்டீங்க?"

"ஒண்ணுதான்."

"அய்யோ! ஒரு ஓட்ட போட்டா எப்புடி வரும்? எதிர்ப்பக்கம் இன்னொண்ணு போடுங்க. காத்து உள்ள போவணும்ல? காத்து போனாத்தான பாலு வரும். இத்தன வருசமா டீ குடிச்சாரு, இது தெரியல."

பால் டின்னைத் திறப்பதும் இத்தனை ஆண்டுகளாக அவள் வேலையாகவே இருந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் குத்தினேன். பால் நூலாக இறங்கிக் கோப்பையை நிறைத்தது. நான் நிறுத்த மறந்தேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் கேட்ட அந்தப் பெருமூச்சு நினைவுக்கு வந்தது. எண்ணெய் வெளியே வரவில்லை. காற்று உள்ளே போக வழியில்லை. தொட்டி நிறைந்திருந்தால் உள்ளே இருந்த கொஞ்சக் காற்றும் விரைவில் இழுபட்டு, எண்ணெயைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டது. நான் திறந்தபோதெல்லாம் வண்டி மூச்சு வாங்கியது. தேநீருக்கும் முனியாண்டிக்கும் அதில் பங்கில்லை.

"என்னா சத்தமே காணோம்? கொட்டிட்டீங்களா?"

"அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டேன்.

மூடியின் உட்புறத்தில் நான் ஒட்டிய ரப்பரை உரித்தேன். அதன்கீழ், குண்டூசி முனையளவில் ஒரு துளை இருந்தது. தொழிற்சாலையிலேயே போட்டனுப்பிய துளையை நான் அக்கறையோடு அடைத்து வைத்திருந்தேன். மழைநீரைத் தடுக்க, கிழிந்த இருக்கை உறையை மாற்றுவதே போதுமானதாக இருந்திருக்கும். அதை அன்றே மாற்றினேன். தொட்டியை நிரப்பிக்கொண்டு, முனியாண்டியைக் கடந்து, ஜெராம் வழியாகச் சுங்கை செம்பிலாங் வரை சென்றேன். கடலோரத்தில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. வண்டியை அணைக்காமலே சற்று நின்று கேட்டேன். சீராக ஓடிற்று. அதைச் சொல்வதற்கு அங்கே தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

திரும்பும்போது பாயின் கடையருகில் வேகத்தைக் குறைத்தேன்.

"நின்னுருச்சா?" என்றார் ஆவலோடு.

"இல்ல பாய். நான்தான் நிப்பாட்டுனேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, வழக்கமான மேசையைத் துடைத்தார்.

அவள் வந்த நாளில் பேருந்து தாமதமாயிற்று. படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொன்றாக இறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இது என்னாங்க, முடிவெட்டுற கடை நாற்காலியா?"

"ஒக்காந்து பாரு."

அவள் ஏறாமல், பழக்கத்தில், சாவிக்காக என் பக்கம் கையை நீட்டினாள். நீட்டிய கையை அவளே பார்த்து, மெதுவாக மடக்கிக்கொண்டாள். பிறகு தாழ்ந்த பலகையில் கால் வைத்து ஏறி அமர்ந்தாள். முழங்கால் வலிக்கவில்லை என்றாள்.

வழி முழுவதும் என் காதருகே கட்டளைகள் வந்தன. "லோரி வருது, ஓரம்." "கண்ணாடியப் பாருங்க." "பிரேக்க ஏன் இப்புடிப் புடிக்கிறீங்க, கழுத்தையா புடிக்கிறீங்க?" முனியாண்டி கோயிலைக் கடந்தபின் குரல் தணிந்தது. "பின்னால ஒக்காந்தா காத்தே அடிக்கல. இத்தன வருசமா சொகுசாத்தான் வந்திருக்கீங்க." கால்வாய் இருந்த பக்கம் இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். சந்தைக்கும் கோயிலுக்கும் அழைத்துச் சென்றேன். வண்டி எங்கும் நிற்கவில்லை. தீபாவளியும் முடிந்தது. மாலைதோறும் கைப்பேசியில் பேரன் முகம் தெரியும். "பாட்டி வா" என்பான். அவள் சிரித்துக்கொண்டே பேசிவிட்டு, பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். ஒரு நாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்களும் நல்லா ஓட்டுறீங்க. குத்தம் ஒண்ணுமில்ல. புள்ள தேடுதுங்க." சற்றுக் கழித்து, "நீங்களும் வாங்களேன்" என்றாள்.

நான் அங்கே ஒருமுறை தங்கியிருக்கிறேன். இரண்டு அறை வீடு. கூடத்தில் படுக்கை விரித்தவன், எல்லாரும் எழும்முன் சுருட்டி வைக்க வேண்டும். "பாக்கலாம்" என்றேன். முழங்கால்தான் காரணம் என்று நம்பி நான் பழுது பார்த்திருந்தேன். காரணம் வேறிடத்தில் இருந்தது. அதில் தவறும் இல்லை.

அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, அவள் தலைக்கவசத்தைச் சாய்மானத்தில் மாட்டியிருந்தேன். சாலையில் எப்போதும் உள்ள பள்ளங்களே அன்று என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டன. பின்சக்கரம் இருவருக்காக இறுக்கப்பட்டிருந்தது; ஏறியிருந்தவன் ஒருவன். பாயின் கடையில் நிறுத்தினேன். அவர் பின்னிருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேநீரை வைத்துவிட்டு, சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்குண்ணே. தனியா ஓட்டுறதுக்கு இம்புட்டுக் காத்து எதுக்கு? கொஞ்சம் எறக்கி விடவா?"

"வேணாம் பாய்" என்றேன். "இருக்கட்டும்."