சுபேதாருக்கு என்ன பயம்?

உலகம் அழிந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. பெங்களூரில் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, போலீஸ் இல்லை...

"முதல் ரெண்டும் இப்பவே அப்படித்தானே?" என்று கேட்டேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

போன ஞாயிறு, எங்கள் பிரேசர் டவுன் வீட்டு ஹாலில் நடந்தது இது. என் மகள் ஜெனியும் அவளுடைய ஆபீஸ் தோழிகளும் மாதம் ஒருமுறை கூடி விளையாடும் விளையாட்டு. கம்ப்யூட்டர் கிடையாது. பேப்பர், பென்சில், விதவிதமான பகடைகள் — அவ்வளவுதான். ஆளுக்கொரு கேரக்டரை உருவாக்கி, அழிந்த உலகில் அது எப்படிப் பிழைக்கிறது என்று பேசிப் பேசியே நடத்துகிறார்கள். அன்று ஒருத்திக்குக் காய்ச்சல். ஆள் குறைந்தது.

"மா, நீ வா. ஒரு மிலிட்டரி கேரக்டர் வேணும். உனக்கு அல்வா சாப்பிடற மாதிரி" என்றாள் ஜெனி.

அல்வாதான்! ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவரின் மனைவி அல்லவா நான்? கேரக்டர் விவரம் எழுதும் ஷீட்டை வாங்கி மடமடவென்று நிரப்பினேன். பெயர்: சுபேதார் அந்தோணி. (வீட்டுக்காரர் பெயரேதான். எதற்கு வீண் யோசனை?) பழக்கம்: நாலரைக்கு எழுவது, போர்வையை மடிப்பது, நான் மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பது. தைரியத்துக்குப் பத்துக்குப் பத்து. பொறுமைக்கு முட்டை.

அடுத்த கட்டம் — பயம். 'இல்லை' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

ஆட்டத்தை நடத்துகிறவள் சவிதா. ஆடுகோடி ஏரியாப் பெண், தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும். நாற்காலி போதாததால் எங்கள் வீட்டுக் கறுப்புத் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை பெயின்டில் பெயர், நம்பர் எல்லாம் எழுதிய ராணுவப் பெட்டி. வருடா வருடம் ஸ்வெட்டர்களை அந்துருண்டை போட்டு அதில்தான் வைப்பேன்.

"பேடா, வேண்டாம் ஆன்ட்டி! அப்படி எழுதக்கூடாது. பயமே இல்லாத கேரக்டர் முதல் ரவுண்டுலயே செத்துடும்" என்றாள்.

"இவரு சாகமாட்டாரும்மா. இவரைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"சரி, அப்புறம் பார்க்கலாம். சுபேதாரோட பெட்டில என்னென்ன இருக்கும்? அஞ்சு பொருள் சொல்லுங்க."

கம்பளி, மக், பூட் பாலிஷ், ஊசி நூல், ஜெபமாலை. கடகடவென்று ஒப்பித்தேன்.

"ஆறாவதா ஒண்ணு இருக்கே" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. என் வீட்டுக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவல் அவர் டிபார்ட்மென்ட்.

"என்னங்க அது?"

"லெட்டர். பார்டர் பக்கம் போஸ்டிங் போறப்ப எல்லாம் எழுதி வெக்கறதுதான். நான் திரும்பலைன்னா பெட்டி மட்டும் வீட்டுக்கு வரும்ல... அதோட வரும்." சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டார்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். இப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது!

"அதெல்லாம் எங்க?"

"வந்ததும் கிழிச்சுப் போட்டுருவேன். கடைசியா எழுதினதை மட்டும்... மறந்துட்டேன்." கையிலிருந்த கரண்டி பெட்டியைக் காட்டியது.

சவிதா சூடுபட்டவள்போல எழுந்தாள்.

பெட்டி மூடியின் உள்பக்கம், சாமான் லிஸ்ட் ஒன்று ஒட்டியிருக்கும். எத்தனை முறை பார்த்திருப்பேன்! அதன் பின்னால் மடித்துச் செருகிய நீல நிற இன்லண்ட் லெட்டர். அவர் ஓடி வருவதற்குள் பிரித்துவிட்டேன். அதை எழுதியபோது ஜெனிக்கு எட்டு வயது.

'ஸ்டெல்லா, ஜெனியைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பு. ரொம்ப நாள் துக்கச் சேலை கட்டிக்கொண்டு இருக்காதே. நல்ல மனுஷன் கிடைத்தால் கல்யாணம் செய்துகொள். நீ குழம்பில் உப்புக் கம்மியாகப் போடுவாய் என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவிடு.'

அழுவதா, அடிப்பதா? "யாரைக் கேட்டு இப்படி எழுதினீங்க?" என்று கத்தினேன். இரண்டையும் சேர்த்தே செய்தேன் என்று ஜெனி சொல்கிறாள்.

"அதான் கிழிச்சுடறது" என்றார், கரண்டியைப் பிடித்தபடி.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் எத்தனை முறை கையாட்டி அனுப்பியிருக்கிறேன்! ஜன்னலோரம் உட்கார்ந்து, ரயில் கிளம்புவதற்கு முன்பே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவேன். அந்த மனிதர் நான் விதவையாவதை நினைத்துப் பார்த்து, எழுதி, நாலாக மடித்து வைத்துவிட்டு அல்லவா இட்லி சாப்பிட்டிருக்கிறார்?

கூடவே இருப்பவர்களுக்கு நாம் எப்போதோ ஒரு ஷீட் நிரப்பி வைத்துவிடுகிறோம். 'இவர் இப்படித்தான்.' அப்புறம் அதை எடுத்துப் பார்ப்பதே இல்லை. கேட்டால் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ரப்பரை எடுத்தேன். பயம் என்ற கட்டத்தில் இருந்த 'இல்லை'யை அழித்துவிட்டு எழுதினேன்: 'பெட்டியில் இருக்கும் கடிதத்தை மனைவி படிக்க நேர்வது.'

சவிதா அதை வாங்கிப் படித்தாள். "இது போதும் ஆன்ட்டி" என்றாள்.

சுபேதார் அந்தோணி கடைசி ரவுண்டு வரை சாகவில்லை. மீன்தான் கருகிப்போனது.