மாரீஸ்வரி பேரில் சொன்ன பதில்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் வழியாக இராஜபாளையம் போகும் காலை டவுன் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை பாண்டிசெல்விக்கு. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. பதினோரு வருடமாக அதில்தான் உட்காருகிறாள். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் ரோல் சுற்றி, கவர் போட்டு, பெட்டியில் அடுக்குகிற வேலை. வயது நாற்பத்தொன்பது. கணவர் சீனிச்சாமி பட்டாளத்திலிருந்து வந்தபிறகு ஒரு மில் வாசலில் செக்யூரிட்டியாக இருக்கிறார்.

பஸ் ஓடுகிற நேரம் பூராவும் அவள் பேசுவாள். செல்போன் டவர் வந்த பிறகுதான் தென்னையில் காய் சிறுத்துப்போச்சு என்பாள். நிலாவுக்கு ராக்கெட் விட்டதெல்லாம் சரி, நம்ம ஊர் மேல நிக்கிற மேகத்தைப் பெய்ய வைக்க ஏன் ஒருத்தனும் படிக்கலை என்று கேட்பாள். தெருநாய், தடுப்பூசி, ஹெல்மெட், காதல் கல்யாணம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் போன், எதைக் கேட்டாலும் அவளிடம் முடிவு தயாராக இருந்தது. கூட வருகிற பெண்கள் சிலர் சிரிப்பார்கள், சிலர் எதிர்த்துப் பேசுவார்கள். அவள் வராத நாளில் பஸ் சப்பென்று இருக்கிறது என்று கண்டக்டரே சொல்லியிருக்கிறார்.

அவள் பேசாத ஒரே இடம் வீட்டு வாசல். அங்கே மாரீஸ்வரி இருந்தாள்.

மாரீஸ்வரி கொழுந்தன் தங்கப்பாண்டியனின் மனைவி, எட்டு வயது இளையவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், முன்னால் ஒரே முற்றம், ஒரே கேட். தங்கப்பாண்டியன் இன்னும் பட்டாளத்தில், அஸ்ஸாம் பக்கம். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். அதனால் தென்னந்தோப்பு, பேங்க், மகளின் காலேஜ் எல்லாவற்றையும் மாரீஸ்வரியே பார்த்தாள். ஸ்கூட்டர் ஓட்டினாள். அதிகம் பேச மாட்டாள். "ஒத்தப் பொம்பளையா நின்னு எம்புட்டு பாக்கா பாரு" என்று தெருவில் சொல்வார்கள். பாண்டிசெல்வியும் தன் கணவர் பட்டாளத்தில் இருந்த பதினேழு வருடம் ஒற்றையாகத்தான் இருந்தாள். அப்போது மாமனார் இருந்தார். கடைக்குப் போவதற்கும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அவளைப் பார்த்து யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

காலையில் அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஸ்கூட்டர் அவளைத் தாண்டிப் போகும். முதலில் சில நாள் மாரீஸ்வரி வண்டியை நிறுத்தி, "ஏறிக்கோங்கக்கா, மம்சாபுரம் வரைக்கும் விட்டுருதேன்" என்றாள். "பஸ் வருதுல்ல" என்று பாண்டிசெல்வி வேறு பக்கம் பார்த்தாள். பிறகு வண்டி நிற்பதில்லை. நிற்காமல் போவதும் அவளுக்கு வலித்தது.

போன வருடம் தை மாதம், தவசிமுத்து என்ற ஒருவர் கழுத்தில் அடையாள அட்டையோடு தெருவுக்கு வந்தார். சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனம் மக்களுடைய அபிப்பிராயம் கேட்கப்போகிறது, அறிவியலைப் பற்றி, ஊர்ப் பாதுகாப்பைப் பற்றி, சமூகத்தைப் பற்றி என்றார். அன்றைக்குப் பெயர், வயது, போன் நம்பர் மட்டும் குறித்துக்கொண்டார். பாண்டிசெல்வி அவருக்கு மோர் கொடுத்து அரைமணி நேரம் உட்கார வைத்துத் தடுப்பூசியைப் பற்றிச் சொன்னாள்.

"இதெல்லாம் எங்கிட்ட எப்ப வந்து கேப்பீக?"

"அது எங்க கையில இல்லம்மா. கம்ப்யூட்டர் யாரைத் தேர்ந்தெடுக்குதோ அவங்ககிட்டதான் வருவாங்க."

ஒரு வாரம் கழித்து மாரீஸ்வரியின் போனுக்குச் செய்தி வந்தது. முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டே அவள் அதைச் சொன்னாள். "நம்ம ஊருல நாலு பேராம்க்கா. ஞாயித்துக்கெழம வாராகளாம். எனக்கு எங்க நேரம்? காய் வெட்ட ஆள் வருது."

பாண்டிசெல்வி உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். தோப்பு, வண்டி, தெருவின் பேச்சு எல்லாம் மாரீஸ்வரிக்குப் போனது. வாயால் சொல்கிற அபிப்பிராயம் ஒன்றுதான் தன்னுடையது என்று அவள் நினைத்திருந்தாள். அதையும் கொண்டுபோய் வாயே திறக்காதவளிடம் கேட்கப் போகிறார்கள். மறுநாள் பஸ்ஸில் யாரோ வங்கி மோசடி போன் அழைப்பைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி மகளையும் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டாள். பாண்டிசெல்வி முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு ஒரு பெண் கேட்டைத் தட்டினாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். கையில் டேப்லெட். பெயர் பிளஸ்ஸி, ஊர் தளவாய்புரம் என்றாள்.

"இது மாரீஸ்வரி வீடுதானம்மா?"

"ஆமா."

"நீங்கதான அவங்க?"

கீரைக் காம்பு அவள் விரலில் நின்றது. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி கடந்து போனது.

"ஆமா. உக்காரு."

கேள்விகள் நூற்று முப்பது. பூமி சூரியனைச் சுற்றுகிறதா, சூரியன் பூமியைச் சுற்றுகிறதா என்பதில் ஆரம்பித்தது. "சூரியன்தான் சுத்துது. தெனம் கண்ணால பாக்கோம்ல" என்றாள். விஞ்ஞானிகள் சொல்வதை எவ்வளவு நம்புகிறீர்கள், தடுப்பூசி நல்லதா, மனிதன் செய்கிற வேலையை மெஷின் பிடுங்கிக்கொள்ளுமா, ஹெல்மெட் சட்டம் தேவையா. ஒவ்வொன்றுக்கும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். பிளஸ்ஸி குறுக்கே பேசவில்லை, சிரிக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி குறித்தாள். ஒருவர் தன் பேச்சை இப்படிக் கேட்டு பாண்டிசெல்விக்குப் பழக்கமில்லை.

பாதிக்கு மேல் கேள்விகள் வேறு பக்கம் திரும்பின.

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

அவள் சுவரோரம் பார்த்தாள். ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது.

"தெரியும்."

"பேங்குக்குத் தனியாப் போவீங்களா?"

"போவேன்."

"வெளியூர் போகணும்னா வீட்ல யார்கிட்டயாவது அனுமதி கேக்கணுமா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? நானே முடிவு பண்ணுவேன்."

இவை பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் மாரீஸ்வரி பேரில்தானே சொல்கிறோம், அவளுக்கு இவை உண்மைதானே என்று மனம் சமாதானம் சொன்னது. அதைவிட, சொல்லும்போது வாய் இனித்தது. கடைசிக் கேள்வி, மொத்தத்தில் உங்கள் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்பது.

"பத்து" என்றாள். யோசிக்கவே இல்லை.

பிளஸ்ஸி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் மாரீஸ்வரி வந்து, "யாரும் வந்தாகளாக்கா?" என்று கேட்டபோது, "வரலியே" என்று சொல்லிக்கொண்டே பாண்டிசெல்வி கீரையைத் தாளித்தாள்.

அடுத்த சனிக்கிழமை கம்பெனியில் கரண்ட் இல்லாமல் மத்தியானமே விட்டுவிட்டார்கள். அவள் வீட்டில் இருந்தபோது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிளஸ்ஸி நின்றாள். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர். பிளஸ்ஸியின் மேலதிகாரி தேவஇரக்கம் என்று மாரீஸ்வரியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். மாரீஸ்வரி ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டபடி நின்றாள்.

"போன ஞாயித்துக்கெழம இந்தப் பொண்ணு உங்ககிட்ட பேசுச்சாம்மா?"

"இல்லியே சார். நான் தோப்புலல்லா இருந்தேன்."

அவர் பிளஸ்ஸியைத் திரும்பிப் பார்த்தார். "எந்த மரத்தடியில உக்காந்து நீயே எழுதின?"

"சார், சத்தியமா இந்த முற்றத்துலதான் சார். ஒரு அம்மா..." பிளஸ்ஸி மாரீஸ்வரியைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். "அவங்க இல்ல சார் இது."

பாண்டிசெல்வி ஜன்னலை விட்டு நகர்ந்து சுவரில் சாய்ந்தாள். பேசாமல் இருந்தால் அவர்கள் போய்விடுவார்கள். அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்துவார்கள். மாரீஸ்வரிக்கு ஒன்றும் தெரியாமலே போகும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள் என்பதையும் சொல்லவேண்டும். பிளஸ்ஸி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

"அந்தப் பிள்ள மேல தப்பில்ல சார். நான்தான் மாரீஸ்வரின்னு சொன்னேன்."

தேவஇரக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நூத்து முப்பது கேள்வியில ஒரு எடத்துலகூட தெரியாதுன்னு நீங்க சொல்லலம்மா. இந்த மாவட்டத்துலயே அப்படி ஒருத்தரும் இல்ல. அதனாலதான் எங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு."

"தெரிஞ்சதத்தான சொன்னேன்" என்றாள் பாண்டிசெல்வி.

மாரீஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் பேருலயா சொன்னீக?" என்று மெதுவாகக் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் பாண்டிசெல்வி பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. ஏதோ பறிகொடுத்தவள் எதைத் திருடினார்கள் என்று தேடுவது போல இருந்தது.

பழைய பதில்களை அழித்துவிட்டு அங்கேயே மறுபடி கேட்பது என்று முடிவானது. பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று தேவஇரக்கம் சொன்னார். பாண்டிசெல்வி உள்ளே போனாள். ஆனால் அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அங்கே நின்றால் முற்றத்தில் பேசுவது கேட்கும்.

மாரீஸ்வரி ஒவ்வொரு கேள்விக்கும் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். பூமிதான் சுற்றுகிறது, மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது படித்தது என்றாள். மெஷின் கேள்விக்கு, "தெரியாதும்மா" என்றாள். மகள் வேறு சாதியில் கட்டினால் ஒத்துக்கொள்வீர்களா என்ற கேள்விக்கு, "இன்னும் அத நெனச்சுப் பாக்கல. பொய் சொல்லக் கூடாதுல்ல, தெரியாதுன்னே போட்டுக்கோ" என்றாள். அதே கேள்விக்குத் தான் அவள் பேரில் "கூடவே கூடாது" என்று சொன்னது பாண்டிசெல்விக்கு ஞாபகம் வந்தது. உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள்.

ஊரில் ஆபத்தான இடம் எது என்று கேட்டபோது மட்டும் மாரீஸ்வரி தயங்கவில்லை. தண்ணீர் டேங்க் பக்கத்து வளைவு. பஞ்சு லோடு லாரிகள் வேகத்தைக் குறைக்காமல் வருகின்றன. ஒரு வருடத்தில் மூன்று பேர் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். யார், எந்தத் தேதி, எந்தப் பக்கமிருந்து வந்த வண்டி என்று வரிசையாகச் சொன்னாள். பாண்டிசெல்வி தினமும் பஸ்ஸில் அந்த வளைவைத் தாண்டுகிறாள். அந்த நேரத்தில் அவள் பேசிக்கொண்டிருப்பாள்.

"வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தன தருவீங்க?"

"ஏழு" என்றாள் மாரீஸ்வரி.

பாண்டிசெல்விக்குச் சுருக்கென்றது. வண்டி இருக்கிறது, கேள்வி கேட்க ஆளில்லை, ஊரே பாராட்டுகிறது. இவ்வளவும் இருந்து ஏழுதானா. தன்னிடம் கொடுத்திருந்தால் பத்தும் போட்டிருப்பாளே. அந்த மூன்றை எங்கே குறைத்தாள் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆவலாக இருந்தது. பிளஸ்ஸி அதைக் கேட்கவில்லை.

அதன்பின் பதினைந்து நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. சீனிச்சாமி விஷயம் தெரிந்து, "ஒனக்கு என்ன கொறையின்னு அவ பேரச் சொன்ன?" என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை.

பதினாறாம் நாள் சாயங்காலம் மாரீஸ்வரி ஒரு தாளோடு வந்தாள். அந்த வளைவில் வேகத்தடை போடச் சொல்லி ஒரு மனு, மகள் கையெழுத்தில்.

"கேள்வி கேட்டுட்டுப் போனப்பொறவு எனக்கு அதே நெனப்பா இருக்குக்கா. ரோட்டு ஆபீசுல போய்க் கொடுக்கணும். ஆனா அங்க எனக்கு வாய் வராது."

"அதுக்கு?"

"நீங்க வந்து பேசணும்."

பாண்டிசெல்வி தாளை வாங்கிப் படித்தாள். "வளைவுல போட்டுப் பிரயோசனம் இல்ல. வளைவுக்கு அம்பதடி முன்னாலயே போடணும். திருப்பத்துல பிரேக் அடிச்சா பின்னால வாரவன் ஏறிருவான்."

மாரீஸ்வரி யோசித்தாள். "நெசந்தான்" என்றாள். திருத்தி எழுதினார்கள்.

திங்கட்கிழமை பாண்டிசெல்வி கம்பெனிக்கு லீவு போட்டாள், இருவரும் போனார்கள். ஸ்கூட்டரில் பின்னால் ஏறிப் பாண்டிசெல்வி கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அலுவலகத்தில் அரைமணி நேரம் பேசினாள். விழுந்த மூன்று பேரையும், தேதியையும், பிரேக் அடிக்கிற தூரத்தையும் அவள் சொன்ன விதத்தில், முதலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். மாரீஸ்வரி சுவரோரம் நின்று தலையாட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து வேகத்தடை வந்தது, வளைவுக்கு ஐம்பதடி முன்னால். ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ படம் எடுத்துப் போட்டு, மனுவையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மனுவின் கீழே, "மாரீஸ்வரி மற்றும் பலர்" என்று இருந்தது. மாரீஸ்வரிக்கு வாழ்த்துகள் வரிசையாக வந்தன.

காலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மாரிக்கனி அதைக் காட்டினாள். "ஒங்க வீட்டுப் பிள்ளதான? கெட்டிக்காரி."

பாண்டிசெல்வி போனை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, கடைசி வார்த்தை வரை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க போடணும்னு சொன்னது நான்" என்றாள். "மத்ததும் சொல்லுதேன், கேளு."