பெருவிரலால் அளந்த டீசல் அழுத்தம்

போன வாரம் என் லாரிக்குப் பெரிய ஃபீட் பம்ப் மாற்றினோம். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பம்ப் பெரிதானால், கேஜ் மாட்டிப் பார்த்து அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும்.

ராஜபாளையத்து மெக்கானிக், மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தம் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூவை ஒரு சுற்றுத் திருகினார். முடிந்தது என்றார்.

"அண்ணாச்சி, ஒரு தடவ கேஜ் போட்டுப் பாத்துருங்க" என்றார் என் டிரைவர் சுடலை.

"ஏலே, நீ ஸ்டீரிங்கப் பிடி, போதும். முப்பது வருசமா இந்த வெரல்தான் கேஜு."

பட்டறையே சிரித்தது. இயற்பியல் படித்த நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது என்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஆயில் குச்சியை உருவினால் டீசல் வாடை. அழுத்தம் தாங்காமல் பம்பின் சீல் விட்டு, என்ஜின் ஆயிலில் டீசல் கலந்து அதை நீர்க்கச் செய்திருக்கிறது.

மெக்கானிக்கை போனில் அழைத்தேன். "பம்புல ஒண்ணும் இல்ல சார். ஒங்க டிரைவர் கண்டபடி மிதிச்சிருப்பான்."

ஸ்பீக்கரில் சுடலைக்கும் கேட்டது. "சரி, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

சுடலை சாவியை என் கையில் வைத்தார்.

"அவரு சொன்னத விடுங்க மொதலாளி. நீங்க பாக்கலாம்னு சொன்னீக பாருங்க, அதான் தாங்கல."

பதினெட்டு ஆண்டுகள் என்னிடம் லாரி ஓட்டியவர், பஸ் ஏறிப் போய்விட்டார்.

கேஜ் வைத்துப் பார்க்கும் மெக்கானிக் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க ஆள் வேண்டாம். அதற்கு நான் இருக்கிறேன்.